அலுமாரிக்குள் ஒட்டிய பனைமரம்

“ரேடியோ ஸ்டிக்கரை நான் அலுமாரிக்கு உள்பக்கம்தான் ஒட்டினனான்.”

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சொன்னவர் கண்ணாடி போட்டவர். பக்கத்தில் இருந்த இளையவர் மடியில் குடை.

“என்னக்கா, கேற்றில ஒட்டினாத்தானே ரேடியோக்காரரின்ர வான் வரேக்க கண்டு பரிசு தருவினம்?”

“கேற்றிலயோ? ஸ்டிக்கரில பெரிய பனைமரம், கீழ கொட்டை எழுத்தில தமிழ்ப் பேர். யாழ்ப்பாணத்து ஆக்கள் இஞ்ச இருக்கினம் எண்டு நானே போர்ட் போடுறதோ?”

“வெள்ளவத்தையில எங்க பனை? அதுக்குப் பதிலா ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டிருந்தா எங்கயும் ஒட்டலாம்.”

“போன கிழமை செக்கிங் வந்த ஆமிக்காரன் அலுமாரியைத் திறந்துபோட்டு அதையே பார்த்துக்கொண்டு நிண்டான்.”

“ஐயோ, பிறகு?”

“அந்த ரேடியோப் பாட்டெல்லாம் நல்லமாம். தானும் கேக்கிறவனாம். தனக்கு வேணுமாம். உரிச்சுக் குடுத்திட்டன்.”

“நல்லதாப் போச்சு.”

“என்ன நல்லது? கொண்டுபோய் லேன் முனையில தான் காவல் நிக்கிற சென்றித் தகரத்தில ஒட்டிப்போட்டான். நேற்று வான் வந்தது. எங்கட லேனில ஒரு கேற்றிலயும் ஸ்டிக்கர் இல்லை. பரிசு அவனுக்கு.”

பஸ் ஒரு சோதனைச் சாவடியில் நின்றது. இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

“என்ன பரிசக்கா?”

“ரைஸ் குக்கர். ஆனா பெட்டியில தமிழ் எழுத்து. திறக்கப் பயந்து, என்னைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லிப்போட்டு, அவன் மண்மூட்டைக்குப் பின்னால போய்ப் படுத்திட்டான்.”