ஐஸ்பெட்டியில் வைத்த மருந்து

— கழத்துட்டீ அந்த வெள்ளக் கோட்ட! இப்பமே கழத்து!

— லில்லிக்குட்டி சேச்சி, சத்தம் போடாதீங்க. கிளினிக்காக்கும். வெளிய ஆளு இருக்கு.

— இருக்கட்டு! எல்லாரும் கேக்கட்டு. எனக்க மாப்பிளைக்கு வலது கால்ல ரெண்டு வெரல வெட்டியாச்சு, அறிவியா? கடலுக்குப் போற மனுசன். இனி வள்ளத்துல எப்பிடி ஊணி நிப்பாரு?

— ரபேல் அண்ணனுக்கா? ஐயோ! ஊசி ஒழுங்காத்தானே போட்டுட்டு இருந்தாரு?

— போட்டாரு. ஒருநாளும் முடக்கல்ல. பின்னயும் சுகரு ஏறிட்டே போச்சு. கள்ளத்தனமா மரச்சீனிக் கெழங்கு தின்னுதாருன்னு நான் அந்தப் பாவப்பட்ட மனுசன வாய்க்கு வந்தபடி ஏசுனேன். நேத்து பெரிய ஆசுபத்திரி டாக்டரு கேட்டாரு, இன்சுலின எங்க வச்சீங்கன்னு. வள்ளத்துல மீனு போடுத ஐஸ்பெட்டியிலன்னேன். அவருக்க தலையில அடிச்சிட்டாரு. ஒருக்கா ஒறஞ்சா, பின்ன உருகுனாலும் அந்த மருந்து கெட்டதாக்கும். எங்க ஐஸு உப்பு தூவுன ஐஸுல்லா, வெறும் ஐஸவிடக் குளுரு கூடுதல்! கெட்ட தண்ணியயாக்கும் குத்திட்டு இருந்திருக்கோம்.

— குளுந்த எடத்துல வைக்கணும்னுதானே சேச்சி நான் சொன்னேன்...

— ஐஸ்பெட்டி போதுமான்னு இதே கசேரயில உக்காந்து நான் கேட்டேன். “அது ரொம்ப நல்லதாக்கும்”ன்னு நீ பல்லக் காட்டல்லியா?

— சத்தியமா தெரியாது. நான் மலையோரம் வெள்ளறடக்காரி. எங்களுக்கு ரப்பரு தெரியும். மீனுபெட்டியில உப்பு போடுவாங்கன்னு நான் கண்டேனா?

— பின்ன தெரியாதுன்னு சொல்லணும்! கதவுல ‘சுகர் எஜுகேட்டர் நந்தனா’ன்னு போர்டு எதுக்கு? என்னத்தப் படிச்சே நீ?

— பி.காம். பின்ன ரெண்டு நாளு கிளாஸு. டாக்டர் சாருதான் கோட்டு தைச்சுத் தந்தாரு.

— லைசன்ஸு?

— இதுக்கு லைசன்ஸு வேணும்னு இஞ்ச யாரும் கேக்கல்ல சேச்சி.

— எங்க வள்ளத்துக்கு லைசன்ஸு உண்டு. ஆட்டோ ஓட்டுத விஜினுக்கு உண்டு. சாயாக்கட போட்ட சரசம்மைக்கும் உண்டு. உயிரு காரியம் சொல்லுத உனக்கு மட்டும் வேண்டாம், இல்லியா? எங்க உனக்க சாரு?

— காட்டாக்கடை ஊருக்குப் போயிருக்காரு. சேச்சி, நான் வேணும்னு சொன்னேனா?

— வேணும்னு சொல்லாட்டா போன வெரலு மொளைக்குமா? கழத்து கோட்ட!

— இந்தா, கழத்தியாச்சு. சேச்சி... உங்க கரையில டிக்சன்னு ஒருத்தரு உண்டே?

— அடுத்த வீடு. ஏன்?

— அவரும் இன்சுலினாக்கும். செல்லசாமியும். நீங்க கேட்டுட்டுப் போன பின்ன, கடலுக்குப் போற யாரு வந்தாலும் நானே எடுத்துச் சொன்னேன், பிரிட்ஜு எதுக்கு, உங்களுக்கு ஐஸ்பெட்டி உண்டேன்னு.

— எனக்க மாதாவே! எல்லாருட்டயுமா?

— எல்லாருட்டயும்.

— எந்திரி. விஜினுக்க ஆட்டோ வெளிய நிக்குது. வீடு வீடா ஏறி நீயே சொல்லு, அந்த மருந்தத் தூரப் போடச் சொல்லு.

— வாறேன் சேச்சி. கோட்ட இந்த மேசையில வச்சிட்டு வாறேன்.

— எடுத்து மாட்டுட்டீ அத! கோட்டு இல்லாம நீ சொன்னா எங்க கரையில எவன் நம்புவான்?