நான்காவது வால்வு

எனக்குக் கனத்த குரல், தம்பி. நான் காரைக்கால் கடைத்தெருவில் நின்று தும்மினால் நாகூர் மினாராவில் புறா பறக்கும். வயர்லெஸ் ஆபீசில் இருந்த காலத்தில், சைகோனுக்குச் சேதி அனுப்ப மெஷின் எதற்கு, அம்பலவாணனை மொட்டைமாடியில் ஏற்றிவிட்டால் போதுமே என்று துரை சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான்.

நீங்கள் நாகப்பட்டினத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர். பினாங்கிலிருந்து அமீர் நிஷா சொல்லி அனுப்பி, அவள் வாப்பாவின் காது மெஷின் ஏன் உபயோகப்படவில்லை என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்ததும் இந்தப் பழுப்புக் கண்டென்சர் இங்கே எதற்கு என்று கேட்டீர்கள், பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது கபீர். தொழில் தெரிந்தவர் கேட்டால்தானே பதில் சொல்ல ஆசை வரும். காபி ஆறுகிறது, குடியுங்கள்.

அவள் வாப்பா ஜெய்னுலாபுதீன் மரைக்காயர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். வயதாகி இரண்டு காதும் அடைத்துப் போயின. பிரெஞ்சுக்காரர்கள் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனபோது எனக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள், பிள்ளை இல்லை. வீட்டில் நான் பேசினால் சுவர்தான் திருப்பிச் சொல்லும். ஊரில் என்னைக் கண்டதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர் மரைக்காயர் ஒருவர்தான். அவருக்கோ கேட்காது. ஆகவே அவருக்கு ஒரு காது செய்தேன்.

ஒரு மைக், மூன்று சின்ன வால்வு, ஒரு இயர்போன். மைக்கில் சத்தம் மின்சாரமாகிறது, வால்வுகள் அதைப் பெருக்குகின்றன, இயர்போனில் அது மறுபடி சத்தமாகிறது. பெட்டி மார்பில் தொங்கும். வயதான காதில் கனத்த சத்தம் கொஞ்சம் விழும், கூர்மையான சத்தம் விழாது. பேச்சைப் பேச்சாக்குவதெல்லாம் அந்தக் கூர்மைதான். அதனால் கனத்ததை இறக்கி, கூர்மையை ஏற்றி வைத்தேன். அதை மாட்டிக்கொண்டால் எறும்பு ஊர்வது கேட்கும். அது மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டு ஊர்கிறது என்பதும் கேட்கும்.

முதன்முதலில் அவர் கேட்டது பேத்தியின் குரலை. குழந்தை பெட்டியில் வாயை ஒட்டிக்கொண்டு ‘கூ’ என்றது. மரைக்காயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது என் குரல். “யாரு இது, வானம் இடிக்குது?” என்றார். என் ஆயுளில் அதைவிடச் சந்தோஷமான நாள் கிடையாது.

பிறகு அந்த வீட்டில் கூட்டம் சேர்ந்தது. பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டு வருகிற பெண் முதல் அம்பகரத்தூர் குத்தகைக்காரன் வரை எல்லோரும் அவர் மார்பைப் பார்த்துப் பேசினார்கள். எனக்கு முறை வரவில்லை. நான் செய்த காதுக்கு நானே வரிசையில் நின்றேன்.

அப்போதுதான் அமீர் நிஷா கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். நான் அங்கே இருக்கும்போது அவள் திரையைத் தாண்டி வரமாட்டாள், அவர்கள் வீட்டு வழக்கம் அது. “மாமா, ஒங்களுக்கு அல்லா ஒரு கொறையும் வைக்க மாட்டான். எங்க வீட்டுக்காரங்க பினாங்குலேருந்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. காது கேக்காத வாப்பாவ எப்படிக் கப்பல் ஏத்துறதுன்னு கெடந்தேன். இனிமே என்ன, மூணு பேருமாப் போயிடுவோம்.”

நான் செய்த காது அவரை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது. தான் செய்த மெஷினில் தப்பு தெரிந்தால் அதைத் திருத்துவது தொழில்காரனின் கடமை. இதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

அந்தக் கண்டென்சர் அப்போது போட்டது. கூர்மையான சத்தத்தையெல்லாம் அது எர்த்துக்கு அனுப்பிவிடும், கனத்ததை மட்டும் முன்னே விடும். பெண்கள் பேசினாலும் குழந்தைகள் பேசினாலும் கம்பளிக்குள்ளிருந்து யாரோ முனகுகிற மாதிரி இருக்கும். என் குரலும் கொஞ்சம் மழுங்கத்தான் செய்தது. நான் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வாயைத் திறந்து நிதானமாகப் பேசிப் பழகினேன். நிஷாவுக்கு அது முடியாது. நான் இருந்தால் அவள் திரைக்குப் பின்னால். அவள் உதட்டை அவர் பார்க்க வழியில்லை. ஆகவே நான் எப்போதும் இருந்தேன். நான் அங்கே உட்கார்ந்திருப்பதும் அந்த சர்க்கியூட்டில் ஒரு பாகம். வீட்டுக்குக் கிளம்பும்போது பேட்டரியைக் கழற்றி எடுத்துப் போய்விடுவேன். மெட்ராசிலிருந்து வரவேண்டிய பேட்டரி, வீணாகக் கூடாது என்றேன். இரண்டு பேரும் நன்றி சொன்னார்கள்.

“அம்பலவாணன் பேசுனா கோயில் மணி மாதிரி கேக்குது. ஒனக்கு மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அவர் மகளைக் கேட்கத் தொடங்கினார். அவள் ஒரு நாள் சிலேட்டில் எழுதித் திரைக்கு வெளியே நீட்டினாள். “நான் என்ன ஓதப் பள்ளிக்கு வந்த புள்ளையா?” என்று சிலேட்டைத் தள்ளிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, “என்னங்க சொல்லுது அது?” என்பார்.

பெட்டியில் மூன்று வால்வு என்று சொன்னேன் அல்லவா. நான்காவது நான்.

நான் குனிந்து அவர் மார்புப் பெட்டியில் முணுமுணுத்தால் போதும், அவருக்கு விழும். திரைக்குப் பின்னால் விழாது. நான் உள்ளதை உள்ளபடி சொல்வதாக நிஷா நினைத்துக்கொண்டாள். “மாமா இல்லாட்டி வாப்பாகிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது” என்று பக்கத்து வீட்டில் சொல்லி உருகினாளாம்.

முதலில் சின்னதாகத்தான் தொடங்கியது. கஞ்சியா சோறா என்று அவள் கேட்டால், இன்றைக்குச் சோறு கிடையாதாம் என்பேன். வெயில் படுகிறது, உள்ளே வந்து உட்காருங்கள் என்றால், வழியை அடைத்துக்கொண்டு உட்காராதே என்கிறாள் என்பேன். இல்லாததை நான் உண்டாக்கவில்லை, தம்பி. இருந்ததைப் பெருக்கினேன். ஆம்பிளிஃபயருக்கு வேறென்ன வேலை. பெருக்கும்போது சத்தம் கொஞ்சம் திரியும், அது உங்களுக்குத் தெரியாததா. பினாங்குப் பேச்சு வந்தபோது, அங்கே ஒரே அறைதான், நீ வந்தால் உன்னை எங்கே போடுவது என்று கேட்கிறாள் என்றேன். மரைக்காயர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் எடுத்தபோது கையை வீசி, முடியாது என்றார். கடைசியில் அவளும் குழந்தையும் மட்டும் போவதென்று முடிவாயிற்று.

கப்பல் ஏறுகிற நாள் காலையில் நாகப்பட்டினம் போக வாசலில் கார் நின்றது. அன்றைக்கு மட்டும் அவள் திரையைத் தாண்டி வந்தாள். துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“வாப்பா, நீங்க வராட்டி நானும் போகல. ஒரு வார்த்தை சொல்லுங்க, மூட்டையப் பிரிச்சுப் போட்டுட்டு ஒங்க கூடவே கெடக்குறேன்” என்றாள்.

எவ்வளவு தெளிவாகப் பேசினாள் தெரியுமா. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பினார். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. நான் குனிந்து, “கப்பலுக்கு நேரமாச்சாம், கெளம்பட்டுமான்னு கேக்குது” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அவள் தலைமேல் கையை வைத்திருந்தார்.

“போ” என்றார்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தான் சொன்னதை நான் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகப்படவில்லை, சந்தேகப்பட்டிருந்தால் கேட்டிருப்பாள். எழுந்து போய்விட்டாள். ஆக, அனுப்பியது அவர், போனது அவள். நான் நடுவில் இருந்தேன், அவ்வளவுதான்.

கார் சத்தம் ஓய்ந்ததும் மரைக்காயர் இயர்போனைக் கழற்றினார். கயிற்றைச் சுற்றி, பெட்டியை என் மடியில் வைத்தார். “இனிமே இது எதுக்குங்க?” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை. மெஷினில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அவளுக்குச் சொல்லி அனுப்புங்கள். கண்டென்சரை வெட்டி எடுப்பதானால் எடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் இப்போதும் தினமும் எதிர்வீட்டுக்குப் போகிறேன். அவர் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், நான் விளக்கு வைக்கிறவரை பேசுவேன். இத்தனை மாதத்தில் நான் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. இவ்வளவு மனசு ஒத்துப்போன இரண்டு பேரை இந்தக் காரைக்காலில் நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.