காய்ச்சலில் பிடித்த கால்

சுவிஸில், ஷ்லீரனில் ட்ராம் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு தமிழ்க் கணவன் மனைவி. கணவனுக்குக் காய்ச்சல் மாறிய பிறகு மறுபடி காட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"நான் வரேல்லை. அந்த டொக்டரின்ரை முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

"காய்ச்சல்ல தானே அவரின்ரை காலைப் பிடிச்சனீங்கள்."

"என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பாதேங்கோ எண்டு அழுதனானாம். சுவிஸ் பாஸ்போட் எடுத்து எத்தினை வருசம்! வெக்கமாக் கிடக்கு."

"இஞ்சத்தை ஆக்கள் அதுக்கு ஃபீபர்வான் எண்டு பேர் வைச்சிருக்கினம். ஃபீபர் எண்டா காய்ச்சல். வான் எண்டா இப்ப பிரமை. அந்தக் காலத்து ஜெர்மன்ல நம்பிக்கை, எதிர்பார்ப்பாம். மகள் தேடிப் பாத்தவள்."

"அப்ப எனக்கு வந்தது அந்தக் காலத்துக் காய்ச்சல் போல."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"குனிஞ்சு, 'நீங்கள் இஞ்சையே இருக்கலாம்' எண்டவர். அதுக்குப் பிறகுதான் நித்திரை கொண்டனீங்கள்."

அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டார். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்ததும் அவளுக்கு முன்னே எழுந்தார். எழும்போது என்னைப் பார்த்தார். நான் தமிழ் தெரியாதவன் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.