பேப்பர் பிளேட் கொண்டுவரும் மனிதர்

பொங்கல் விழாவுக்குத் தலைமை தாங்கி, "சுருக்கமா பேசுங்க, சாம்பார் ஆறிடும்" என்று என் காதில் அன்போடு எச்சரித்துவிட்டு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் சேனாபதி ஐயா அவர்களே, விழாவின் வேலைகளை விரல்நுனியில் வைத்திருக்கும் செயலாளர் தாமரைச்செல்வி அவர்களே, முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே, மூன்று டோல்வே சுங்கச்சாலை கடந்து முறுக்கு டின்னும் முந்திரிக் கேசரியுமாக வந்திருக்கும் தாய்மார்களே, தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் தங்கச் செல்வங்களே, பின்கதவருகே பேப்பர் பிளேட் கட்டோடு நிற்கும் சபரிநாதன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் விசாலாக்ஷியின் வணக்கம்.

பின்கதவருகே நிற்பவரை ஏன் பெயர் சொல்லி அழைக்கிறாள் என்று நாகரத்தினம் ஆன்ட்டி திரும்பிப் பார்க்கிறார். பொறுங்கள் ஆன்ட்டி, அங்கேதான் வருகிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, "கொரியத் தொடர்களும் நம் குடும்பங்களும்". இன்று நம் ஃபிரிஸ்கோ ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரே தொடர்தான் ஓடுகிறது. சியோல் நகரில் லிஃப்ட் பரிசோதிக்கும் ஒருவன். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அவன் போகும் இறைச்சிக் கடையில் ஒருவருக்கு மட்டும் பரிமாற மாட்டார்கள், இருவருக்குச் சொல்ல வேண்டும். வாரந்தோறும் இருவருக்குச் சொல்லி, எதிர் நாற்காலிக்கு முன் ஒரு கிண்ணம் வைத்து, இரண்டையும் தானே தின்று தீர்த்து, அஜீரணத்தோடு வீடு திரும்புவான். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. ஆனால் ஆறாம் பாகத்தில் மாடி வீட்டுப் பெண் வந்து அந்த எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாளே, அப்போது அழாதவர் இந்த அவையில் உண்டா? சேனாபதி ஐயா, தலையை ஆட்டாதீர்கள். நீங்கள் அழுத படத்தை உங்கள் வீட்டம்மா வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

கடலுக்கு அப்பால் ஒருவன் தனியே உண்பது கண்டு கண் கலங்கினோம். நல்லது. நம் கதவருகே நின்றவரைக் கண்டோமா?

விழாதோறும் நம் ஃபோனுக்குப் பாட்லக் பட்டியல் வருகிறது. யார் என்ன சமைத்து வருவது என்று அதில் இருக்கும். குடும்பமாக இருப்பவருக்கு வெண்பொங்கல், வடை, சாம்பார். தனியாள் என்றால்? எங்கே, உரக்கச் சொல்லுங்கள். ஆமாம், பேப்பர் பிளேட். சபரிநாதன் இந்த ஊருக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகள். பத்தொன்பது பொங்கல், பத்தொன்பது சித்திரை, பத்தொன்பது தீபாவளி. அத்தனைக்கும் பேப்பர் பிளேட். ஒருமுறை, ஒரே ஒருமுறை, "உங்களுக்குச் சமைக்க வருமா?" என்று யாராவது கேட்டோமா?

கோபமா என்கிறார் முன்வரிசை அங்கிள். கோபம்தான் அங்கிள், ஆனால் சாப்பாட்டைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு விவாகரத்து ஆயிற்று. அதுவரை பட்டியலில் என் பெயருக்கு எதிரே அவியல் இருந்தது. அடுத்த விழாவில் ஐஸ் கட்டி என்று இருந்தது. "பாவம், தனியா பொண்ண வச்சு மேனேஜ் பண்றாங்க, குக்கிங் எல்லாம் குடுக்க வேணாம்" என்று அன்பினால்தான் செய்தீர்கள். கணவர் போனால் கைப்பக்குவமும் கூடவே போய்விடுமா? ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பின்கதவருகே நின்று அழுதேன். பக்கத்தில் பிளேட் கட்டோடு இவர் நின்றிருந்தார்.

"அழுகாதீங்க. ஐஸ் கரையுது பாருங்க" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன். என் மகள் மஹாவுக்கு அப்போது பத்து வயது. மேடையில் பேச்சு முடியவில்லை, அவளுக்குப் பசி பொறுக்கவில்லை. இவர் தன் காருக்குப் போய் ஒரு டப்பா எடுத்து வந்தார். அரிசிம்பருப்பு சாதம், நெய் மணக்க. "யாரு செஞ்சது?" என்றேன். "நாந்தாங்க. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் செஞ்சு எடுத்துட்டு வருவேன். லிஸ்ட்ல இல்லைங்களே, அதான் கார்லயே வெச்சிருவேன்" என்றார்.

பெரியோர்களே, தாய்மார்களே, கேட்டீர்களா? பத்தொன்பது ஆண்டுகளாக நமக்காகச் சமைத்த சோறு, நாம் கேட்காததால் பார்க்கிங்கில் ஆறிக்கொண்டிருந்தது. இதற்கு எந்தக் கொரியக்காரர் வந்து தொடர் எடுக்க வேண்டும்?

அன்று தொடங்கிய பேச்சு நான்கு ஆண்டுகளாக நிற்கவில்லை. போன மாதம் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்த மஹா, "அம்மா, தட்ஸ் லிட்டரலி சபரி அங்கிள்" என்றாள்.

இப்போது இவருக்கு நியூஜெர்சியில் வேலை வந்திருக்கிறது. நாளை மறுநாள் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அங்கே பிளெய்ன்ஸ்பரோவில் அப்பார்ட்மென்ட்கூடப் பார்த்துவிட்டார். "நான் போனா என்னங்க, பிளேட் யாரு வேணா கொண்டு வரலாம்" என்றார். அந்தச் சொல் என் நெஞ்சைக் கிழித்தது. போன ஞாயிறு அனுமார் கோயில் வாசலில் நானே கேட்டேன். "போகாதீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க."

கைதட்டாதீர்கள். இன்னும் பதில் வரவில்லை.

வலது செருப்பை இடது காலில் மாட்டினார். பிறகு, "எனக்கு ஆசை இல்லாம இல்லீங்க. மஹா என்ன நினைப்பா? சங்கத்துல என்ன பேசுவாங்க?" என்றார். மஹாவிடம் கேட்டேன். "வாட் டுக் யூ ஸோ லாங், மா?" என்றாள். மீதி இருப்பது சங்கம். அதனால்தான், கொரியத் தொடர் பற்றிப் பேசுங்கள் என்று நீங்கள் தந்த இந்த மைக்கில் என் வாழ்க்கையைப் பேசுகிறேன். தொடரில் அந்தப் பெண் கடைசிப் பாகத்தில் விமான நிலையத்துக்கு ஓடினாள். எனக்கு முழங்கால் வலி, ஓட முடியாது. ஆகவே இங்கேயே கேட்கிறேன். சபையோரே, நீங்கள் என்ன பேசுவீர்கள்?

நன்றி. நாகரத்தினம் ஆன்ட்டி எழுந்தே நின்றுவிட்டார். "என்ன பேசுவோம், எப்ப கல்யாணச் சாப்பாடுன்னு கேப்போம்" என்கிறார். சபரி, கேட்டீர்களா? சங்கம் பேசிவிட்டது.

நீங்கள் மேடைக்கு வர வேண்டாம், கூச்சப்படுவீர்கள். வாய் திறக்கவும் வேண்டாம். விருப்பமில்லை என்றால் அப்படியே நில்லுங்கள், நான் ஐஸ் எடுத்துக்கொண்டு வந்து வழக்கம்போல் பக்கத்தில் நிற்பேன், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். விருப்பம் என்றால், கையிலிருக்கும் அந்தப் பிளேட் கட்டைக் கீழே வையுங்கள். அது போதும்.

யாரும் திரும்பாதீர்கள் என்றால் எல்லோரும் திரும்புகிறீர்கள்.

வைத்துவிட்டார்.

தாமரைச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலைத் திற, அம்மா. சித்திரைத் திருநாளுக்கு எழுது. விசாலாக்ஷி, சபரிநாதன், மஹா: அரிசிம்பருப்பு சாதம், நூறு பேருக்கு. இன்றைக்குப் பிளேட் கொடுக்க ஆள் இல்லை, தலைவர் ஐயா தயவுசெய்து பின்கதவுக்குச் செல்லவும். பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பசியோடு கேட்ட பிள்ளைகளுக்கும் நன்றி கூறி இறங்குகிறேன். இவர் காரில் ஒரு டப்பா இருக்கிறது. முதலில் அதை எடுத்து வரப் போகிறேன். வணக்கம்.