வரிக்கு மட்டும் பங்கு

சாமளாபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

"எனக்கு வாடகை வருதுன்னு எனக்கே தெரியாதுங்ணா," என்றாள் தங்கை.

"வரிசையாக் கட்டி வாடகைக்கு உட்ட லைன் ஊடு நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்குதல்ல, அம்மணி. வரிக்கணக்குல பாதி வாடகைய உம்பேர்ல காட்டோணும்னு ஆடிட்டர் சொல்றாரு. ஒரு கையெழுத்துப் போடு, போதும்."

"வாடகை பூரா நீங்கதானுங்க வாங்கறீங்க?"

"அது வேற, இது வேற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கத்தக்கூட இல்லை.

"சரிங்ணா, போடறேன். குடியிருக்கற தறிக்காரங்ககிட்ட இனிப் பாதி வாடகைய எங்கையில குடுக்கச் சொல்லிட்டு வந்தர்றேன்."

லைன் வீடுகள் தெரிந்த அடுத்த நிறுத்தத்தில் பேருந்து நின்றதும் இறங்கி அவற்றை நோக்கி நடந்தாள்.

அண்ணன் ஆட்களை இடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

"அம்மணி, நில்லு! கையெழுத்தே வேண்டாம், வா!"

அவள் நிற்கவில்லை.