டேப்பின் முதல் பத்து விநாடி

பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு எல்லாம் முதல் தாளில் இருக்கின்றன. வயது ஐம்பத்தொன்பது. தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே ‘வீட்டு வேலை’ என்று எழுதியிருந்ததை நான் ஒப்புக்கொள்ளாததால் அது அடிக்கப்பட்டு, ‘டிரம்ஸ் வாசிப்பவர்’ என்று திருத்தப்பட்டு, பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். எங்கள் குழுவில் என்னை இடி என்று கூப்பிடுவார்கள். ரெக்கார்டு கம்பெனியின் கிடங்கிலிருந்து செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஒரு டேப் சுருளைப் பெட்டியோடு எடுத்துப் போனதாக என் மேல் புகார். எடுத்தது நான்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஏன் எடுத்தேன் என்று இதுவரை ஒருத்தரும் கேட்காததால் முதலிலிருந்து சொல்கிறேன். போலீஸ் அதிகாரி “சுருக்கமா சொல்லுங்கம்மா” என்றார். நாற்பது வருஷத்தை எப்படிச் சுருக்குவது என்று கேட்டேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் டப்பா கம்பெனியில் மூடி அழுத்தும் மெஷினில் வேலை. என் அக்கா இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட், நன்றாகப் பாடுவாள். அவளோடு டைப் அடித்த ஒருத்தி கீபோர்டு வாசித்தாள், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் அவள் பெயர் கண்ணாடி. தையல்கடையில் பொத்தான் தைத்த குட்டச்சி கிடார் வாசித்தாள். நாங்கள் நால்வர்தான் குழு. அப்போது நியூ வேவ் என்று ஒரு பாட்டு வகை புதிதாக வந்திருந்தது. கிடாரை நீட்டி முழக்குகிற வேலையெல்லாம் அதில் கிடையாது, அடி நேராக விழ வேண்டும், கீபோர்டு ஊசி மாதிரி குத்த வேண்டும், மூன்று நிமிஷத்துக்குள் பாட்டு முடிந்துவிட வேண்டும். நாளெல்லாம் மூடி அழுத்திய கைக்கு அது சுலபமாக வந்தது. தையல்கடை மாடியில் ஞாயிறு காலைகளில் பழகினோம்.

பாட்டு தொடங்கும் முன் டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணுவது எல்லாக் குழுவிலும் உள்ள வழக்கம். ஆனால் அக்காவுக்கு நாலாவது எண்ணில்தான் மூச்சை இழுக்க வரும், அதுவும் அடுத்த அறைக்குக் கேட்கிற மாதிரி. என் எண்ணிக்கையும் அவள் மூச்சும் முட்டிக்கொண்டன. “ஏண்டி, நான் மூச்சு விடறதா வேணாமா?” என்று சண்டைக்கு வந்தாள். அதன் பிறகு நான் மூன்றோடு வாயையும் குச்சியையும் நிறுத்திக்கொண்டேன். நாலாவது அக்காவின் மூச்சு. அதைக் கேட்டுத்தான் நாங்கள் உள்ளே நுழைவோம். வெளியாள் யாராவது எங்களோடு வாசிக்க உட்கார்ந்தால் முதல் அடியிலேயே தடுக்கி விழுவார். இது வழக்குக்கு முக்கியம் என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு மேனேஜர் வாய்த்தார். எங்களில் யாருக்கும் அவர் மாமா இல்லை, ஆனாலும் மாமா என்றே கூப்பிட்டோம். அவர் ஊர் ஊராக எங்களை அழைத்துப் போனார். போன இடமெல்லாம் ஒரே கதை. நான் கையில் குச்சியோடு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்பேன், மைக் வைக்க வரும் ஆள் என்னிடமே “டிரம்ஸ் வாசிக்கிறவர் வந்துட்டாராம்மா?” என்று கேட்பார். பத்திரிகைக்காரர் வந்தால் நால்வருக்கும் எப்போது கல்யாணம் என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர் கண்ணாடியிடம் “கீபோர்டு மெட்டெல்லாம் யார் போட்டுத் தர்றாங்க?” என்றார். “எங்க வீட்டுப் பூனை” என்றாள். அவர் அதையும் அப்படியே அச்சில் போட்டார். எரிச்சல் தாங்காமல் அந்தப் பக்கத்தை நான் கிழித்தேன், குட்டச்சி பொறுக்கி ஒட்டி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் ரெக்கார்டு கம்பெனி எங்களை அழைத்தது. ஒரே அறையில், ஒரே நேரத்தில், நால்வரும் சேர்ந்து வாசித்தோம். இரண்டாவது முயற்சியில் பாட்டு சரியாக வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ‘இரண்டாவது, இதுதான்’ என்று எழுதியது என் கை. அந்தப் பாட்டு ஆறு மாதம் ரேடியோவில் ஓடியது. பஸ்ஸில் போனால் டிரைவர் முணுமுணுப்பார். என் அடியை ஒருவர் ஸ்டீயரிங்கில் தட்டுவதைப் பார்த்துவிட்டு நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

அதன் பிறகு டெலிவிஷனில் கூப்பிட்டார்கள். அங்கே நிஜமாக வாசிக்க விடமாட்டார்கள், ரெக்கார்டைப் போட்டுவிடுவார்கள், நாம் வாயையும் கையையும் அசைக்க வேண்டும். அங்கிருந்த டைரக்டர் “யார் எதை வெச்சிக்கிட்டா என்ன, பார்க்க லட்சணமா இருக்கிற பொண்ணு முன்னால நில்லுங்க, போதும்” என்றார். எங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேக்கப் அறையில் நால்வரும் பேசி ஆளை மாற்றிக்கொண்டோம். கண்ணாடி மைக் முன்னால் நின்று அக்காவின் குரலுக்கு வாயசைத்தாள். அக்கா கீபோர்டைத் தடவினாள். குட்டச்சி என் டிரம்ஸில் உட்கார்ந்தாள், கால் மிதிக்கு எட்டவில்லை. நான் கிடாரைத் தலைகீழாகப் பிடித்தேன். ஒரு ஈ காக்காய்கூடக் கண்டுபிடிக்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். அது சொந்தச் செலவில் சூனியம் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டாவது ரெக்கார்டு. அதற்கு என் இடத்தில் ஸ்டூடியோ ஆளை வாசிக்க வைக்கிறோம் என்று கம்பெனி சொன்னது. மாமா தாளை நீட்டினார், அக்கா கையெழுத்துப் போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஒரே ஒரு ரெக்கார்டுக்குத்தானேடி” என்றாள். நான் குச்சிகளை அவள் காலடியில் போட்டுவிட்டு வந்தேன். அந்த ரெக்கார்டு விற்கவில்லை, குழுவும் கலைந்தது. அதற்குப் பிறகு முப்பத்துநாலு வருஷம் அக்காவும் நானும் பேசவில்லை. அம்மா சாவுக்கு வந்தபோதும் ஆளுக்கொரு மூலையில் நின்றோம். எனக்கு அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

போன மாதம் கம்பெனி எங்கள் முதல் ரெக்கார்டை மறுபடி வெளியிடப் போவதாக அறிவித்தது. அட்டையில் பாட்டுக்கு அக்கா பெயர். வாத்தியத்துக்கு ‘ஸ்டூடியோ கலைஞர்கள்’. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். நாலு கடிதம் எழுதினேன், கிணற்றில் போட்ட கல். செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். என் மகன் வயதுள்ள ஒரு கம்பெனி ஆள் பழைய டெலிவிஷன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டி, “நீங்களே பாருங்கம்மா, கிடாரைப் பிடிக்கக்கூடத் தெரியல. டிரம்ஸ்ல வேற யாரோ இருக்காங்க” என்றார். அது விளையாட்டு என்று விளக்கினேன், சிரித்தார். ஸ்டூடியோ ஆட்கள்தான் வாசித்தார்கள் என்று உங்கள் அக்காவே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று, இரண்டாவது ரெக்கார்டுக்காக மாமா நீட்டிய அந்தத் தாளையே காட்டினார். கண்ணாடி இறந்துபோனாள். குட்டச்சிக்கு நினைவு தப்பிவிட்டது, போய்ப் பார்த்தால் என் சட்டையில் பொத்தான் எங்கே என்று கேட்கிறாள். நான் வாசித்தேன் என்று சொல்ல அந்த டேப்பை விட்டால் நாதியில்லை.

டேப்பின் தொடக்கத்தைப் போட்டுக் கேளுங்கள், நான் எண்ணுவது இருக்கும் என்றேன். “எண்ணுறது, இருமுறது எல்லாத்தையும் நாளைக்கு வெட்டிடுவோம்மா, பாட்டு மட்டும் இருக்கும்” என்றார். ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று கெஞ்சியதன் பேரில் கிடங்குக்கு அனுப்பினார். அங்கே கிளார்க் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு நோட்டை எடுக்கத் திரும்பினார். நான் பெட்டியை எடுத்து முன்வாசல் வழியாகவே நடந்து, பஸ் ஏறி, வீட்டு பீரோவில் வைத்தேன். போட்டுக் கேட்க என்னிடம் மெஷின் கிடையாது. இரண்டு மணிக்குப் போலீஸ் வந்ததும் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தேன். இப்போது அது இங்கே போலீஸ் அதிகாரியின் மேஜையில் இருக்கிறது, கம்பெனி வக்கீல் உடனே திருப்பிக் கேட்கிறார். திருப்பிக் கொடுக்கும் முன் நாலு பேர் முன்னிலையில் முதல் பத்து விநாடியைப் போட்டுக் கேட்க வேண்டும். என் கோரிக்கை அது ஒன்றுதான்.

இன்று காலை கம்பெனி வக்கீல் அக்காவைச் சாட்சியாக அழைத்து வந்தார். இந்த அறைக்கு வெளியே பெஞ்சில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. அதிகாரி என்னிடம் “ஒண்ணு ரெண்டு மூணுன்னு யார் வேணாலும் எண்ணலாமேம்மா, அது நீங்கதான்னு எப்படி?” என்று கேட்டார். எப்படி எண்ணுவேன் என்று காட்டுவதற்காக மேஜையில் விரல் முட்டியால் தட்டி “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லி நிறுத்தினேன். நாலாவது வர வேண்டிய இடத்தில் வெளியே பெஞ்சில் அக்கா சத்தமாக மூச்சை இழுத்தாள். அதிகாரிக்குக் கேட்டது, எழுதுகிற காவலருக்குக் கேட்டது, வக்கீலுக்கும் கேட்டது. எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மூச்சை எப்படியம்மா எழுதுவது என்றார் காவலர். மூச்சு இழுத்தார் என்று எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு அக்கா எழுந்து கதவருகே வந்து நின்றாள். வக்கீல் கையைப் பிடித்ததை உதறிவிட்டாள். என்னைப் பார்த்து, “மூணாவது தட்டு கொஞ்சம் சீக்கிரமா விழுந்துச்சுடி. அன்னைக்கு ஸ்டூடியோலயும் அப்படித்தான் அடிச்சே” என்றாள். முப்பத்துநாலு வருஷத்தில் அவள் என்னிடம் பேசியது இதுதான். அதிகாரி அதையும் எழுதச் சொன்னார். வக்கீல் ஆட்சேபித்தார், அதுவும் எழுதப்பட்டது.

மேலே உள்ளதைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார், நானும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். டேப்பை எடுத்தது நான் என்பதும், டிரம்ஸ் வாசித்தது நான் என்பதும், அன்றும் இன்றும் மூன்றாவது தட்டு ஒரு நூல்கூடச் சீக்கிரம் விழவில்லை என்பதும் உட்பட, இதில் உள்ளது அத்தனையும் உண்மை என்று உறுதி கூறி இதன் கீழ் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
இடி, டிரம்ஸ் வாசிப்பவர்