இரண்டு பேருக்கான கோடை

விடுமுறை விட்டால் எங்கள் ஊர் ரொட்டிக்கடையில் சாயங்காலம்கூட ரொட்டி கிடைக்கும். மாணவிகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய மறுநாளே ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். கல்லூரிச் சாலையின் நடுவில் நாய்கள் படுத்துக் கிடக்கும். நான் விடுதி வார்டன். பத்து மாதம் ஊரார் பிள்ளைகளுக்குக் காவல் இருக்கிறவளுக்கு, தனக்கென்று கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான்.

எனக்கும் நூலகருக்கும் என்று சொல்ல வேண்டும். அவள் என் வயதுக்காரி, என்னைப் போலவே தனிக்கட்டை. எட்டுக் கோடைகளாக மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். சாப்பிட்டதும் என் அறை ஜன்னலில் ஈரத்துணியைக் கட்டிவிட்டுச் சீட்டாடுவோம். அவள் ஏமாற்றுவாள், நான் கண்டுகொள்ள மாட்டேன்.

இந்த முறை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். நூலகத்து நிலவறையில் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். முதல் வாரம் நூலகர் அவளையும் சாப்பிடக் கூட்டிவந்தாள். இரண்டாம் வாரம் அவளுக்கும் சீட்டுப் போட்டாள். மூன்றாம் வாரம் என்னிடம், "நீ சாப்பிட்டுடு. நாங்க அங்கேயே சாப்பிட்டுக்கிறோம்," என்றாள்.

நாங்க. அந்தச் சொல் எனக்குச் செரிக்கவே இல்லை.

பிறகு, தாயாருக்கு அறுவை சிகிச்சை என்று நூலகர் வெளியூர் கிளம்பினாள். நூலகச் சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "அவளைக் கொஞ்சம் பாத்துக்க. வேலையில உக்காந்தா சோறு தண்ணி மறந்துடுவா," என்றாள். நான் சாப்பிட்டேனா என்று பார்த்துக்கொள்ள அவள் யாரிடமும் சொல்லிவிட்டுப் போனதில்லை.

மறுநாள் காலை அவளுக்கு நூலகத்தைத் திறந்துவிட்டு வந்தவள், பதினொரு மணிக்கு மறுபடி போனேன். நிலவறைக் கதவு திறந்திருந்தது. கீழே தாள் புரளும் சத்தம் கேட்டது. சாத்திப் பூட்டினேன். உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். மேஜைமேல் அவள் கைப்பேசி சார்ஜில் கிடந்தது. அணைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அரை நாள் பயந்து கிடக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். மாலையில் நூலகர் போன் செய்தபோது, அவள் ஊருக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு," என்றாள். குரல் இறங்கிவிட்டது.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான்," என்றேன்.

அதன்பின் ஒரு மணி நேரம் பேசினோம், பழையபடி. மறுநாளும் அப்படியே பேச வேண்டும்போல் இருந்தது. அதற்கடுத்த நாளும்.

காவலாளி கேட்டைத் தாண்டி உள்ளே வருவதில்லை. தினமும் பதினொரு மணிக்கு நான் போய்க் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்காம் நாள் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள் நூலகர் திரும்பி வந்து, என்னிடம் சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

கல்நெஞ்சக்காரி என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். சாவி என் மடியிலேயேதான் இருந்தது. ஆனால் அந்த மூன்று நாளும் அவள் கூப்பிட்டது 'அக்கா, அக்கா' என்று நூலகரைத்தான். என்னை மேடம் என்பாள். ஒரே ஒரு தடவை மேடம் என்று கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன்.